நாலா, அஞ்சா

கார் அவளுடையது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய கார். அதைத் தேடிப் பிடித்து, விலை பேசி, ஓட்டவும் கற்றுக்கொடுத்தவன் அவளுடைய அத்தை மகன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அவள் அவனை மாமா என்பாள். நான் அண்ணே என்பேன். மனதுக்குள் எனக்கு அவன் வெறும் அவன்தான்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் திரும்பி வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவன் மட்டும் ஒருநாள் மறுபடி வந்தான்.

"வண்டி சும்மாதான நிக்குது தம்பி. எனக்குக் குடுத்துடுங்களேன். உங்களுக்கு அது கைக்கு அடங்கல."

உண்மைதான். இரண்டாவது கியர் எனக்கு விழவே இல்லை. ஒவ்வொரு முறையும் கரகரவென்று கத்தியது.

"கியர் ஆயில் மாத்தினா சரியாயிடும்ணே."

"ஆயில்ல ஒண்ணுமில்ல. ரெண்டாவதுக்குப் போறதுக்கு முன்னாடி அவ நியூட்ரல்ல ஒரு மூச்சு நிறுத்துவா. அப்புறம் பூ வைக்கிற மாதிரி வைப்பா. அது கைவாகு. எல்லாருக்கும் வராது."

எத்தனையோ நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன், மொபைலைப் பார்த்துக்கொண்டு. அவள் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. அவள் போன பிறகு உடம்பில் ஏதோ ஒன்றை உணர்ந்தது அன்றைக்குத்தான்.

"ஆயில மாத்திப் பாப்போம். அப்பவும் எனக்கு விழலன்னா நீங்களே எடுத்துக்கங்க," என்றேன்.

அன்றிலிருந்து கியர் ஆயிலைப் பற்றியே படித்தேன். வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

உதிரிபாகக் கடைக்கு அவனும் கூட வந்தான். கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஆயிலின் கெட்டித்தன்மை ஒன்றுதான். தரம்தான் வேறு. ஒன்று ஜிஎல் நாலு, மற்றது ஜிஎல் அஞ்சு.

"அஞ்சு குடுங்க," என்றான் அவன். "அதுதான் ஒசத்தி. நான் எப்பவும் அதைத்தான் ஊத்துவேன்."

"நாலு குடுங்க," என்றேன்.

"பிள்ளை வயசுக்கு ஏத்த நம்பர் பாத்து வாங்க இதென்ன பால் பவுடரா? இருக்கிறதுல நல்லதா வாங்குங்க தம்பி."

"அஞ்சு பாரம் தாங்கும்ணே. ஆனா ரொம்ப வழுக்கும். கியர் விழணும்னா உள்ள இருக்கிற பித்தளை வளையம் சக்கரத்தைப் பிடிக்கணும். வழுக்கினா எப்படிப் பிடிக்கும்? சில அஞ்சு பித்தளையையே தின்னுடும். இந்த வண்டிக்கு நாலுதான்னு கம்பெனிக்காரனே சொல்லியிருக்கான்."

"படிச்சவங்க சொன்னா சரிதான்," என்றான் அவன், கூரையைப் பார்த்து.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே பொண்ணைப் பாக்க வந்த ரெண்டு மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்களே."

நாங்கள் சிரிக்கவில்லை. நான் நாலை எடுத்துக்கொண்டேன்.

தெருமுனை ஷெட்டில் மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தினார். ஆயில் ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகே அடி போல்ட்டைத் திருகினார். பழைய ஆயில் தட்டில் இறங்கியது. வெயில் பட்டதும் மினுமினுத்தது. மெக்கானிக் ஒரு சொட்டை விரலில் தேய்த்துக் காட்டினார். பொன்னிறத் தூள்.

"நகைக்கடை வச்சிருக்கீங்களா? இம்புட்டும் பித்தளை. நல்லாத் தேஞ்சிருக்கு. முன்னாடி என்ன ஊத்தினீங்க?"

"அஞ்சு," என்றான் அவன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் ஊத்தினேன். போன தடவையும் அஞ்சுதான். அதுக்கு முன்னாடியும்."

"அப்போ ரெண்டாவது லேசுல விழுந்திருக்காதே. நியூட்ரல்ல நிறுத்தி, கெஞ்சிக் கூத்தாடித்தான் போட்டிருக்கணும். ஓட்டினவர் பொறுமைசாலிதான்."

அவன் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தான்.

"கைவாகுன்னு நெனச்சேன்," என்றான். "ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைங்ககிட்டல்லாம் சொல்லுவேன், அவ கியர் போடுறதப் பாருங்கன்னு. கஷ்டப்பட்டிருக்கா. மாமா, இது விழலன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

நான் ஜெயித்துவிட்டேன். அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு மூச்சு, அவன் ஊற்றிய ஆயிலால் வந்தது. அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவன் அழ ஆரம்பித்தான். குலுங்கிக் குலுங்கி, மூக்கு ஒழுக, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல். மெக்கானிக் எழுந்துபோய் ஸ்பானர்களை அடுக்கினார்.

நான் இன்னும் அழவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, எரித்த இடத்தில் இல்லை, வீட்டில் தனியாக இருக்கும்போதும் இல்லை. அழுதுடுப்பா என்று என் அம்மாவும் அவள் அம்மாவும் கெஞ்சினார்கள். வரவில்லை. அவன் எதையும் எதிர்பார்க்காமல் டயர்மேல் உட்கார்ந்தான், அவனுக்கு வந்துவிட்டது. பசித்தவன் அடுத்தவன் தட்டைப் பார்ப்பதுபோல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது ஆயிலை ஊற்றி மெக்கானிக் காரை இறக்கினார். தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போய் வந்தேன். இரண்டாவது கியர் முனகியது. ஆனால் விழுந்தது.

"விழுதுண்ணே," என்றேன்.

"வண்டி உங்களோடதுதான் தம்பி. இனிமே கேக்க மாட்டேன்." சட்டையால் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "என்னை பஸ் ஸ்டாப்புல எறக்கி விட்டுடுறீங்களா?"

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தும் அழுவான்; நான் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

"வேலையிருக்குண்ணே," என்று வண்டியைக் கிளப்பினேன். திருப்பம் வரைக்கும் கண்ணாடியில் அவன் தெரிந்தான், நடந்தபடியே அழுதுகொண்டு. மூன்றாவது கியரைப் போட்டேன்.