படகுப் பெட்டியும் ஏணிப் பெட்டியும்

ஆறுமுகநயினார் வீட்டில் எட்டு வருஷம் சமைத்தேன். புருஷனைக் கொன்றவருக்கே வேளாவேளைக்குச் சோறு போடுகிறாளே என்று ராயபுரமே காறித் துப்பியது. துப்பட்டும். பக்கத்திலேயே இருந்தால் என்றைக்காவது கையில் சிக்குவார் என்றுதான் இருந்தேன்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய பிறகும் எண்ணூரிலிருந்து உப்புத் தோணியை எடுக்கச் சொன்னவர் அவர். "கூண்டு ஏத்திகிறாங்கோ மொதலாளி" என்று என் புருஷன் ஜேக்கப் கெஞ்சினான். "பயந்தாங்கொள்ளிக்கு நாளையிலேர்ந்து வேலை கிடையாது" என்றார். தோணி கவிழ்ந்தது. பிணம்கூடக் கரை ஒதுங்கவில்லை. விசாரணையில், அவன் குடித்துவிட்டுப் போனான் என்று வாய் கூசாமல் சொன்னார். சாராய வாடையே ஆகாது அவனுக்கு.

தோணி, கிடங்கு, மாடி வீடு எல்லாம் சேர்த்த மனுஷனுக்கு ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தேர்தலில் சட்டசபை ஆசை வந்தது. பெற்ற பிள்ளையைவிட அந்த நாற்காலி பெரிதாகிவிட்டது. அடிக்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. மறைப்புக்குள் சின்னம் ஒட்டிய பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெயரில்லாத சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். நயினாருக்குப் படகுச் சின்னம். குப்பத்து ஜனம் வேட்டியை வாங்கிக்கொண்டு வேறு பெட்டியில் போட்டுவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் சீட்டைப் போடாமல் மடியில் ஒளித்து வெளியே கொண்டுவந்தால்தான் வேட்டி, சேலை என்று ஏற்பாடு செய்தார். அவருடைய கணக்குப்பிள்ளை வால்டர் கிடங்கில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். மாலைக்குள் இருநூறு சீட்டு சேர்ந்தது. அத்தனையையும் உள்ளே கொண்டுபோய்ப் போட, விரலில் இன்னும் மை படாத ஆள் வேண்டும். பெண்ணென்றால் மடியைத் தடவிப் பார்க்கமாட்டார்கள்.

"சிலுவையம்மா, உன்னைத்தான் நம்பியிருக்கேன். எல்லாத்தையும் படகுப் பெட்டியில போட்டுட்டு வா" என்றார் நயினார்.

"சரி மொதலாளி" என்றேன்.

மறைப்புக்குள் அந்தப் படகுப் படத்தைப் பார்த்ததும் ஜேக்கப் போன தோணிதான் தெரிந்தது. பக்கத்தில் ஏணிப் பெட்டி. ஏணிக்காரர் கருப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. கொத்துக் கொத்தாக அதில் திணித்தேன்.

"இன்னாம்மா, உள்ள தூங்கிகினு கீறியா?" என்று வெளியே நின்ற போலீஸ்காரர் கத்தினார்.

"தோ வந்துட்டேன் நைனா" என்று கடைசிச் சீட்டையும் தள்ளினேன்.

ஓட்டு எண்ணியபோது ஏணி ஜெயித்தது. நயினார் நூற்றுப்பத்து ஓட்டில் தோற்றார். வீட்டுக்கு வந்தவர் நேரே அடுக்களைக்குள் நுழைந்தார்.

"எந்தப் பெட்டியில போட்ட?"

"ஏணியில."

"உன்னைப் போலீசுல பிடிச்சுக் குடுக்கேன் பாரு!"

"குடு. இருநூறு சீட்டு உன் கிடங்குக்கு எப்டி வந்திச்சின்னு மொதல்ல உன்னாண்டதான் கேப்பாங்கோ."

கூடத்தில் அவருடைய ஆட்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். "இதுல ஏதோ தில்லுமுல்லு கீது! கோர்ட்டுக்குப் போலாம், வாங்க மொதலாளி!"

நயினார் தட்டுத்தடுமாறி வெளியே போனார். "வேண்டாம்ப்பா. முறையாத்தான் நடந்திருக்கு. விட்டுருங்க" என்றார். அவர்கள் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவரும் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அடுப்படியில் நின்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். தித்திப்பாக இருந்தது.