காவலனின் குரல்

புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். பதிவுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கதைக்காரி. துப்பறியும் கதை, சர்க்கரை நோய்க்கு யோசனைகள், முப்பது வயதுக்குள் முன்னேறுவது எப்படி என்று எதைக் கொடுத்தாலும் மளமளவென்று வாசித்துவிடுவாள். மாயாஜாலக் கதை என்றால் மட்டும் கொஞ்சம் இளக்காரம். "வளர்ந்த ஆளுங்களுக்கு எதுக்குங்க டிராகனும் மந்திர வாளும்?" என்பாள் கணவரிடம். நகரப் பேருந்து ஓட்டும் அவருக்கோ அந்த மாதிரிக் கதை என்றால் உயிர். வண்டி கிளம்ப நேரமிருந்தால் ஓட்டுநர் இருக்கையிலேயே புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்படிப்பட்டவள் கையில்தான் தலையணை கனத்துக்கு ஒரு பழைய மாயாஜால நாவல் வந்து விழுந்தது.

ஏழு மதில்கள் கொண்ட நகரம் ஒன்று. அதன் வெளிவாசல் ஓர் இரவில் திறக்கப்படுகிறது. நிழல் அரசியின் படை உள்ளே புகுந்து நகரத்தைச் சாம்பலாக்குகிறது. பெற்றோரைப் பறிகொடுத்த ஓர் உப்புக்காரப் பெண், அணைந்துபோன நகரத்து விளக்கை ஏற்ற வடமலையின் உச்சியில் உறங்கும் நெருப்பைத் தேடிப் போகிறாள். வழியில், உடைந்த பாலத்துக்கு அடியில் ஒருவன் பதுங்கிக் கிடக்கிறான். வாசலைத் திறந்துவிட்ட காவலன் அவன்தான். கூட வந்தவர்கள் வெட்டிப் போடச் சொல்கிறார்கள். மலைக்கு வழி தெரிந்தவனும் அவன் ஒருவனே. ஏன் திறந்தாய் என்று அவள் கேட்க, அவன் சொல்கிறான்: "வெளியே ஒரு குழந்தை அழுதது. திறந்தேன்."

கதைக்காரி அந்த வரியை மூக்கால் இழுத்து, வார்த்தைகளுக்கு எண்ணெய் தடவி, அசல் துரோகியின் குரலில் வாசித்தாள்.

"நிறுத்துங்கம்மா" என்று காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் குரல் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஒலிப்பதிவாளர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; பாம்புச்செவி என்றால்தான் தெரியும். துணி உரசினால் கேட்கும் அவருக்கு. அவள் வயிறு லேசாக முனகினால், "பசிக்குதா? சாப்பிட்டுட்டு வந்து தொடரலாம்" என்பார். மனுஷனிடம் எதையும் மறைக்க முடியாது.

"இவன் யாரு?" என்றார்.

"காவலன் சார். நகரத்தைக் காட்டிக் கொடுத்தவன். பொன்னை வாங்கிட்டுத் திறந்துட்டான்."

"பொன் வாங்கினான்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுதே சார்."

"ஊரு சொல்லுது. புத்தகம் சொல்லுதா?"

அவள் பக்கங்களைப் புரட்டினாள். கடைசி அத்தியாயம் வரை போய்ப் பார்த்தாள். எங்கும் இல்லை. ஊர் பொன் என்கிறது, அவன் குழந்தை என்கிறான். எழுதியவர் வாயே திறக்கவில்லை. நெருப்பு கிடைப்பதற்கு முன்பே காவலன் பனியில் செத்துப்போகிறான். அவனைப் புதைத்துவிட்டு, "இவன் சொன்னது மெய்யா பொய்யா, எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் இவனோடு நடந்தேன்" என்கிறாள் உப்புக்காரப் பெண். அதற்கு மேல் அவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

"எழுதினவர் கடைசி வரைக்கும் மூடி வெச்சதை நீங்க ஒரே வரியில போட்டு உடைச்சுட்டீங்க" என்றார் பாம்புச்செவி. "கேக்குறவன் முடிவு பண்ணட்டும்மா. நீங்க தீர்ப்பு எழுதாதீங்க."

சரி என்று குரலைக் குழைத்து, பாவப்பட்டவனாக வாசித்தாள். "இப்போ உத்தமனாயிட்டான்" என்றார். தட்டையாக வாசித்தாள். "ரயில் அறிவிப்பு மாதிரி இருக்கு." வாய் உலராமல் இருக்க ஆப்பிளைக் கடித்தாள், வெந்நீர் குடித்தாள், மறுபடி வாசித்தாள். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிக்கொண்டதே தவிர வரி அமையவில்லை.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தவள் பையைச் சோபாவில் எறிந்தாள்.

"ஒருத்தன் கதவைத் திறந்தான், அதனால ஆயிரம் பேர் செத்தாங்க. குழந்தை அழுதா என்ன, அழாட்டி என்ன? திறந்தவன் திறந்தவன்தானே?"

கணவர் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். "இந்த மாதிரிக் கதைல டிராகனைக் கொல்றது பெரிய விஷயமே இல்ல. கையில சிக்கினவனை என்ன பண்றதுங்கறதுதான் கஷ்டம்" என்றார்.

"விட்டுட்டா, பின்னாடி அவனால ஒரு நல்லது நடக்கும். அதானே எப்பவும்?"

"நடக்கும்னு தெரிஞ்சு விட்டா அது வியாபாரம். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதே." கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்தார். பேச்சு எங்கே போய் முட்டும் என்று இருவருக்குமே தெரியும்.

அவளுக்கு ஒரு தம்பி. கல்யாணம் ஆகாதவன். மறதி நோயில் எல்லாவற்றையும் மறந்துபோன அம்மாவை அவன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்வது எல்லாம் அவன் தலையில். இவள் விடுமுறை நாளில் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் அம்மா வீட்டைவிட்டு வெளியே போனாள். பெரிய சாலையில் லாரி மோதி, ஆஸ்பத்திரி போகும் முன்பே உயிர் போய்விட்டது.

"வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு அழுதாங்க. திறந்துவிட்டேன். சட்டையைப் போட்டுட்டுப் பின்னாடியே போகலாம்னு பார்த்தேன்" என்றான் தம்பி. அன்றைக்கே சொன்னான், எல்லோரிடமும் சொன்னான். ஆனால் இவள் ஓடிப் போய் நின்றபோது அந்த வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் இறுதி ஆட்டம் அலறிக்கொண்டிருந்தது. ஆட்டத்தைப் பார்க்கத் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் அம்மாவை வெளியே விட்டிருக்கிறான் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு அறுந்தது. கணவர் மட்டும் அவ்வப்போது மைத்துனனைப் பார்த்துவிட்டு வருவார். இவள் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை.

மறுநாள் காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்த வரியை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். முதலில் சின்னதாக ஒரு செருமல். பிறகு, பாதி வாக்கியத்திலேயே யாராவது குறுக்கே பேசிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பவன் மாதிரி ஒரு தயக்கம். "வெளியே ஒரு குழந்தை அழுதது..." கடைசிச் சொல் மெல்லத் தேய்ந்தது. "திறந்தேன்."

ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார்.

"இது உன் தம்பி குரல்."

"உங்க வேலையைப் பாருங்க" என்று சீறினாள். கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்டாள்.

பதிவுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தால் அந்தக் குரல் வரவே இல்லை. யாருடையது என்று தெரிந்துவிட்டதும் அது வர மறுத்தது. செருமினால் நடிப்பு மாதிரி இருந்தது. தயங்கினால் வசனத்தை மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

"காலையில வீட்ல சரியா வந்துச்சுன்னீங்களேம்மா?"

"ஓடிப்போச்சு சார்."

"எங்க விட்டீங்களோ அங்க போய்க் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் வேற வேலை பாக்குறேன்" என்று விளக்கை அணைத்துவிட்டார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் கணவருக்குப் போன் போட்டு, "அவன் எங்க வேலை பாக்குறான்?" என்றாள். யார் எவர் என்று கேட்காமல் அவர் முகவரியைச் சொன்னார்.

ஒரு பெரிய ஓட்டலின் பின்பக்கத்தில் இருந்தது சலவைக்கூடம். கதவைத் தாண்டியதும் வெந்த துணியின் வாசனையும் அனலும் முகத்தில் அடித்தன. அறை நீளத்துக்கு வரிசையாகத் துவைக்கும் இயந்திரங்கள் உருண்டு இரைந்தன. விரிப்புகள் மலையாய்க் குவிந்த தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து ஒருவன் யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். கரகரத்த, உடைந்த, பெரிய குரல். தம்பிதான். நாள் முழுக்க இயந்திரங்களோடு போட்டி போட்டுக் கத்திக் கத்தி அவன் குரலே மாறிப்போயிருந்தது. அவள் தேடி வந்த குரல் அங்கே இல்லை.

அவளைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டான். "மாமாவுக்கு ஏதாவது...?"

"அவர் நல்லாத்தான் இருக்கார். நான் வேலை விஷயமா வந்தேன்."

"சலவைக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பின்முற்றத்தில், சூடான காற்றை வெளியே துப்பும் குழாய்களுக்கு அருகில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டான். காகிதக் கோப்பையில் டீ வந்தது. இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கம் அடங்கியிருந்தது. அவள் கதையைச் சொன்னாள். ஏழு மதில், உப்புக்காரப் பெண், பாலத்துக்கு அடியில் கிடந்தவன். காவலன் சொன்ன வரியையும் சொன்னாள். தம்பி கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊரு என்ன சொல்லுது?"

"பொன் வாங்கினான்னு."

"அந்தப் பொண்ணு?"

"ஒண்ணும் சொல்லல. கூட்டிட்டுப் போறா."

சின்னதாகச் செருமினான். முற்றத்தின் அமைதியில் அது தெளிவாகக் கேட்டது. அதே பழைய செருமல். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டேவிட்டாள்.

"அன்னைக்கு அம்மா நிஜமாவே அழுதாங்களா?"

"நான் சொன்னா நம்புவியா?"

"தெரியல."

அவன் தன் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு, பழைய தயக்கத்தோடு, "அழுதாங்க" என்றான். "காலையிலேர்ந்து. கதவைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. பார்க்க முடியல அக்கா. அதோட... எனக்கும் போதும்டா சாமின்னு இருந்துச்சு. பத்து நிமிஷம் சத்தமில்லாம இருந்தா போதும்னு. எதுக்காகத் திறந்தேன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. ரெண்டும்தான்."

பொய் சொல்கிறான் என்று வைத்துக்கொண்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். முழுக்க உண்மை என்றாலும் சமாளித்திருப்பாள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விடுமுறை நாளில் பழத்தோடு போய், ஒரு மணி நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த தன் ஞாபகம் வேறு வந்து தொலைத்தது.

"நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத" என்றாள், எழுந்துகொண்டே.

"நான் கேக்கவே இல்லையே" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பையை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தெருமுனை வரை கூட நடந்து வந்தான்.

அடுத்த நாள் அவள் ஒரே மூச்சில் அந்த அத்தியாயத்தை வாசித்தாள். வரி வந்ததும் செருமலைத் தேடவில்லை, தயக்கத்தைத் தேடவில்லை. தம்பியின் பழைய குரலையும் எடுக்கவில்லை. எதற்காகச் செய்தோம் என்று தனக்கே தெரியாத ஒருவன் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாம்புச்செவி அந்த வரியை ஒருமுறை திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு, "மேல போங்கம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் கேட்டதில்லை.

ஒலிநூல் வெளிவந்ததும் கேட்டவர்கள் பதிப்பகத்துக்கு எழுதித் தள்ளினார்கள். காவலன் பச்சைப் பொய்யன், வாசித்தவர் அதை அருமையாகக் காட்டியிருக்கிறார் என்றார் ஒருவர். அவன் அப்பாவி என்பது அந்தக் குரலிலேயே தெரிகிறது என்றார் இன்னொருவர். பேருந்துப் பணிமனையில் இதை வைத்து இரண்டு ஓட்டுநர்களுக்குள் கைகலப்பு ஆகாத குறை என்று கணவர் வந்து சொன்னார். எந்தப் பக்கம் நீ என்று அவர் அவளைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில விடுமுறை நாள்களில் அவள் சலவைக்கூடத்துக்குப் போனாள். எல்லா விடுமுறையிலும் இல்லை. மனசு வராத நாளில் போகவில்லை. அம்மாவைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. மேலாளர் கொடுக்கும் குடைச்சல், முதுகுவலி, யாருக்கோ பிறந்த இரட்டைக் குழந்தைகள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஒரு தடவை மடிக்கும் இயந்திரம் மக்கர் செய்ய, ஒரு தளத்து விரிப்புகள் முழுக்கக் கையால் மடிக்க வேண்டியதாயிற்று. தம்பி ஒன்றை உதறி, இரண்டு முனைகளை அவள் பக்கம் நீட்டினான்.

"இறுக்கிப் பிடி அக்கா. தரையில பட்டா மறுபடியும் துவைக்கணும்."

இழுத்துப் பிடித்தாள். ஒரு மடிப்பு மடித்து அவனை நோக்கி நடந்தாள். அவளிடமிருந்த முனைகளை அவன் வாங்கிக்கொண்டான். விரிப்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"கோணலா மடிச்சிருக்கே" என்றான்.

"நீதான் கோணலாப் பிடிச்சே."

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.