மை படிந்த ஓரங்கள்

என் தம்பி பாடப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்கியே வளர்ந்தவன். அவன் என் பழைய புத்தகக் கடைக்கு வந்து, "அக்கா, வெள்ளக்காரன் கெளம்புற காலத்துல வேற வேற நாட்டுல காட்டுக்குள்ள இருந்து சண்ட போட்டாங்கல்ல, அதப் பத்தி எதாவது எடுத்துக் குடு" என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். மூன்றைத் தேடிக் கொடுத்தேன். ஒன்று வரலாறு, ஒன்று வெள்ளைத் தளபதியின் நினைவுகள், இன்னொன்று காட்டில் போரிட்டவனே எழுதியது.

ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தான். பழைய புத்தகம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது மூடிய தாள்களின் ஓரத்தைத்தான். விரல் அதிகம் பட்ட பக்கங்கள் அங்கே அழுக்குக் கோடாகத் தெரியும். தம்பிக்கு அச்சகத்தில் வேலை, எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் ஒட்டிய மை முழுதாகப் போகாது. வரலாற்றில் புதுக் கறையே இல்லை. மற்ற இரண்டிலும் சில பக்கங்கள் மட்டும் கறுத்திருந்தன. பிரித்துப் பார்த்தேன். பாலத்தைத் தகர்ப்பது, தடம் தெரியாமல் நடப்பது, பசியோடு நாள் கடத்துவது.

புத்தகத்தை மூடிவிட்டு அவனைப் பார்த்தேன். எங்கள் பக்கமும் பையன்கள் ஒவ்வொருவராகத் துப்பாக்கி தூக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

"எதுக்குடா இதெல்லாம் படிக்கிற?"

"சும்மாதான்."

"சும்மா படிக்கிறவன் பாலத்த மட்டும் படிப்பானா?"

தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க ஜெயிச்சாங்கக்கா."

கத்தினால் அன்றைக்கே கிளம்பிவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரிகளைத் துழாவினேன். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது ஒரு கிராமத்துப் பெண் சொன்ன கதை. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போட்டாயா என்று கேட்டு அவள் வீட்டைக் கொளுத்தியது பட்டாளம். காட்டிக்கொடுத்தாயா என்று கேட்டு அவள் தம்பியைச் சுட்டார்கள் காட்டிலிருந்து வந்தவர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்களே, அந்தப் பிழைப்பு.

"இத முழுசாப் படி. அப்புறம் எங்க வேணா போ" என்றேன்.

"சரிக்கா" என்று வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. அவன் அறைக்கு ஓடினேன். கொடியில் சட்டைகள் இல்லை. கட்டில்மேல் அந்தப் புத்தகம் மட்டும் கிடந்தது. படித்திருக்கமாட்டான், படித்திருந்தால் போயிருக்கமாட்டான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு அதன் ஓரத்தைப் பார்த்தேன்.

முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை கறுத்திருந்தது. அந்தத் தம்பியைச் சுடும் இடத்தில் மை இன்னும் அழுத்தமாக இருந்தது. பாவி, ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டுத்தான் போயிருந்தான்.