பிரேக்கில் வைத்த கால்

எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றுகிற காரை வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் மலை ஏறுகிறவனுக்குப் புத்தி இருக்கிறதா? எங்கள் ஆப்பிள் தோட்டத்துப் பக்கம் அப்படிப்பட்டவன் யார் என்று யாரைக் கேட்டாலும் என் தம்பி இசாமுவின் பெயரைத்தான் சொல்வார்கள். வயது நாற்பத்து நாலு, எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டே சீட், தரையை உரசுகிற உயரம், பின்னால் பெரிதாக ஒரு இறக்கை. அந்தச் சிவப்புக் காரைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறான்.

அன்றைக்கு என் சின்ன லாரியை வருடாந்தரச் சோதனைக்காக ஹிரோசாகி நகரத்துப் பட்டறையில் விட்டிருந்தேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி அது, எந்தப் பனியிலும் முனகாமல் ஏறும். திரும்பிப் போக என்னைக் கூப்பிட வந்தவன் இசாமு. பிப்ரவரி மாதம், மதியம் மூன்று மணி. நகரத்தை விட்டுக் கிளம்பும்போது வெயில்கூட அடித்தது. மலைச்சாலைக்குள் நுழைந்ததும் காற்று தரையில் கிடந்த பனியை வாரி வாரி வீச ஆரம்பித்தது. வீட்டுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது மேட்டின் அடியில் கார் நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் மட்டும் விர்ரென்று சுற்றின.

"டயர் எல்லாம் பனி டயர்தான்க்கா. பின்னாடி வெயிட் பத்தல," என்றான்.

"டிக்கில மணல் மூட்டை போட்டிருப்பியே, எங்க?"

"மூட்டை கிழிஞ்சு கார்ப்பெட்டெல்லாம் மணல். நேத்துதான் கழுவிச் சுத்தம் பண்ணினேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கார்ப்பெட் முக்கியம், அக்கா உயிர் முக்கியமில்ல. அப்படித்தானே? மணல் மூட்டை எதுக்குடா உனக்கு? தொண்ணூறு கிலோ வளத்து வெச்சிருக்கியே, அதைக் கொண்டுபோய் டிக்கி மேல வை!"

வாய்த்துடுக்கில் சொன்னதுதான்.  அவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

"சரியாத்தான் சொல்ற. நீ ஓட்டு."

"பைத்தியமா உனக்கு?"

"இங்கயே நின்னா அரை மணியில பனி மூடிடும். புகைக்குழாய் அடைச்சுக்கிட்டா புகை உள்ள வந்து தூக்கத்துலயே செத்துப் போயிட வேண்டியதுதான். முந்நூறு மீட்டர் மேடு, அதைத் தாண்டிட்டா சமதரை."

பின்னால் நகர்த்திச் சமமான இடத்தில் காரை நிறுத்தினான். பிறகு டிக்கி மேல் ஏறி, இறக்கையைப் பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். காரின் பின்புறம் நன்றாக அமுங்கியது. திறந்து வைத்த என் ஜன்னல் வழியாக அவன் குரல் வந்தது.

"ரெண்டாவது கியர். மெதுவா மிதி. கண்ணாடியைத் தட்டிக்கிட்டே வர்றேன், நான் இருக்கேன்னு தெரியும். ஆனா ஒண்ணு, என்ன ஆனாலும் நிறுத்தாத. நிறுத்தினா தொலைஞ்சோம்."

ஏறியது. சத்தியமாக ஏறியது. முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை. சாலை எங்கே, ஓரத்தில் அள்ளிக் குவித்த பனிச்சுவர் எங்கே என்று தெரியாமல், சாலையின் விளிம்பைக் காட்டத் தலைக்கு மேலே கம்பங்களில் தொங்கிய அம்புக்குறிகளைப் பார்த்தே ஓட்டினேன். டொக், டொக் என்று பின்னால் அவன் தட்டிக்கொண்டே வந்தான். அந்தச் சத்தம் கேட்கிற வரை எனக்குத் தைரியம் இருந்தது.

வளைவைத் தாண்டியதும் காரின் வால் ஒரு பக்கமாக இழுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளித்தேன். சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை. அப்புறம் மறுபடி நகர்ந்தது. அப்போதுதான் உறைத்தது, தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"இசாமு!"

பதில் இல்லை. பின்கண்ணாடி முழுக்கப் பனி. கை மரத்துப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று எண்ணினேன், ஐந்து எண்ணினேன். விழுந்துவிட்டான், இந்த வெள்ளையில் எங்கோ கிடக்கிறான், நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

பிரேக்கை மிதித்தேன்.

ஒரு மூச்சு நேரம் கார் நின்றது. பிறகு நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்ட நிலையிலேயே பின்பக்கமாக வழுக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. கார் எதன் மேலோ இடித்து, சாய்ந்து, நின்றது.

அவன் விழவில்லை. வால் இழுத்தபோது குதித்து இறங்கி, இரண்டு கையாலும் காரைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். அதனால்தான் கார் மறுபடி நகர்ந்தது. நான் நிறுத்தினேன். கார் அவனைப் பனிச்சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது.

"அக்கா..." குரல் தாழ்வாக, காருக்குப் பின்னாலிருந்து வந்தது. "பிரேக்கை விடாத. கால் டயருக்கடியில மாட்டிக்கிச்சு. இடுப்பு வரைக்கும் சுவருக்குள்ள இருக்கேன். விட்டா மேல ஏறிடும்."

"விட மாட்டேன். விட மாட்டேன்டா."

"புகை மூஞ்சிலயே அடிக்குது. எஞ்சினை அணை."

அணைத்தேன். ஹீட்டரும் நின்றது. திறந்த ஜன்னல் வழியாகப் பனி மடியில் விழுந்தது. ஹேண்ட் பிரேக்கை முடிந்தவரை இழுத்துவிட்டு, பிடிக்கிறதா பார்க்கலாம் என்று காலை ஒரு நூல் தளர்த்தினேன். கார் ஒரு விரல் அளவு பின்னால் போனது. அவன் போட்ட சத்தம் இருக்கிறதே, அதை நான் இங்கே எழுத மாட்டேன். அதற்கப்புறம் காலை அசைக்கவே இல்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். காற்று இப்படி இருக்கும்போது பனி அள்ளும் வண்டி முன்னால் போனால்தான் வர முடியும், நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நாற்பது நிமிடம்!

"எதுக்குடா குதிச்ச?" என்று கத்தினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நீ நிறுத்துவேன்னு கனவா கண்டேன்? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சத்தம் நின்னு போச்சேடா! நீ செத்துட்டியோன்னு நினைச்சேன்!"

"மணல் மூட்டைக்கு ரெண்டு கைதானே இருக்கு. தட்டவும் தள்ளவும் முடியுமா?"

"வாயை மூடு. இப்ப ஜோக் கேக்குதா உனக்கு?"

அவன் வாயை மூடினான்.

ஐயோ, அந்த மௌனம். காற்று மட்டும் ஊளையிட்டது. நானே சொல்லி நானே அவன் வாயை அடைத்துவிட்டேன். "இசாமு, பேசுடா. எதையாவது பேசு. திட்டு. உன் காரைப் பத்திப் பேசு, கேக்கறேன்." வெகுநேரம் கழித்து, "குளிருதுக்கா" என்ற ஒரு வார்த்தை வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

என் தொடை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கினால் பிரேக் தளரும், தளர்ந்தால் சக்கரம் அவன் மேல் ஏறும். இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தேன். பாதம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி மரத்துப்போனது. மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்றே தெரியவில்லை. கார் நிற்கிறது, அதனால் மிதிக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். அவன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பதில் வராத ஒவ்வொரு முறையும், இறங்கி ஓடிப்போய்ப் பார்க்கத் துடித்தேன். பத்தடி தூரத்தில் கிடக்கிறான், நான் போனால் செத்தே போவான்.

மேலேயிருந்து மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது. எங்கள் ஊர்ப் பனி வண்டி. வெள்ளையில் எங்களைப் பார்க்காமல் அப்படியே வந்து இடித்தால்? ஹாரனை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன். இரண்டு கார் தூரத்தில் அது நின்றது. ஓட்டுகிற ஒசனாய் இறங்கி ஓடி வந்தார். பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி, இரும்பு வயரை எடுத்துக் காரின் முன்கொக்கியில் மாட்டினார். பிறகு மண்வெட்டியோடு பின்னால் போனார். கீழேயிருந்து இன்னொரு பனி வண்டியின் பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தது. யாரோ தோண்டினார்கள், யாரோ கத்தினார்கள். வயர் விறைத்தது, கார் முன்னால் ஒரு முழம் நகர்ந்தது. "வந்துட்டான், வந்துட்டான்!" என்று குரல் கேட்டது.

ஒசனாய் ஜன்னலில் குனிந்தார். "அம்மா, எல்லாம் முடிஞ்சுது. வண்டியை என் வயர் பிடிச்சிருக்கு. காலை எடுங்க."

எடுக்கவில்லை.

"தம்பியை வெளிய எடுத்தாச்சும்மா. கால் எலும்புதான் முறிஞ்சிருக்கு, உயிருக்கு ஒண்ணுமில்ல. எடுங்க."

நான் தலையை ஆட்டினேன். அவர் கதவைத் திறந்து என் முழங்காலைத் தொட்டதும், "தொடாதீங்க! அவன் பின்னாடி இருக்கான்!" என்று கத்தினேன்.

அப்புறம் அவர்களே ஸ்ட்ரெச்சரை என் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போர்வைக்குள்ளிருந்து இசாமுவின் முகம் தெரிந்தது. உதடு நீலம், புருவமெல்லாம் பனி. கையை நீட்டி என் கையைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை.

"அக்கா, இங்க பாரு. நான் இங்க இருக்கேன். பின்னாடி யாரும் இல்ல. காலை எடு."

அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணெதிரில் அவன் இருக்கிறான், குரல் கேட்கிறது, எல்லாம் தெரிகிறது. கால் மட்டும் வரவில்லை. கடைசியில் ஒசனாய் பனியில் மண்டியிட்டு, என் பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு துளையாக அவிழ்த்து, இரண்டு கையாலும் என் பாதத்தை உருவி வெளியே எடுத்தார்.