ஓர் உடம்புக்கு உண்டான இரும்பு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆணியால் வந்தது. வளர்ந்த ஆளின் உடம்பிலுள்ள இரும்பையெல்லாம் திரட்டினாலும் ஒரு சின்ன ஆணிதான் தேறும் என்று படித்தேன். நடப்பது, பேசுவது, பிள்ளை சுமப்பது, அத்தனையும் அதை நம்பித்தானா? பிரமித்துப்போய் எழுத உட்கார்ந்தேன்.

2

1957இல் ஆவூரில் ஒரு பேராசைக்காரி இருந்த—

(அடித்துவிட்டேன். அற்புதமேரிக்கு ஆசையெல்லாம் இல்லை. பயம்தான்.)

ரத்தம் பற்றாமல் அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். மிஷன் மருந்தகத்துச் சிஸ்டர், பகல் சாப்பாட்டுக்குப் பின் தினம் ஒன்று என்று இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. மாத்திரைமேல் சர்க்கரைப் பூச்சு. இனிப்பு நாக்கில் பட்டால், ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி விரதம் முறிந்துவிடும் என்று அவளாகவே முடிவுகட்டி, விரத நாள் நாற்பதுக்கும் உரியதைப் பவுடர் டப்பாவில் போட்டுவைத்தாள். ஈஸ்டர் பூசை கண்டு வந்ததும், பிள்ளைக்கு விட்டுப்போன ரத்தமெல்லாம் சேர்ந்து ஊறட்டும் என்று நாற்பதையும் விழுங்கினாள்.*

* கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அவள் உடம்பு முழுவதிலும் இருந்த அளவு இரும்பு. ஒரே மூச்சில் இன்னொரு அற்புதமேரிக்கு உண்டானதை விழுங்கியிருக்கிறாள்.

3

வாந்தி, வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம். கணவன் லூர்துநாதன் ஓடிப்போய் சிஸ்டரை அழைத்துவந்தான். மத்தியானத்துக்குமேல் எல்லாம் தானாக நின்றது. அவள் எழுந்து முகம் கழுவி, சோறு கேட்டாள். 'பிழைத்தாள், முற்றும்' என்று நானும் எழுதிவிட்டேன்.

சிஸ்டர் ஒப்பவில்லை. இதே மாத்திரையைத் தின்ற ஒரு குழந்தை இப்படித்தான் தேறி விளையாடி, மறுநாள் ஈரல் கெட்டுச் செத்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"இந்தச் சொகத்த நம்பாதீங்க. உள்ள இன்னும் அது வேலைய முடிக்கல. திருச்சி பஸ்ஸ விட்றாதீங்க."

அற்புதமேரிக்கு விளங்கவில்லை. வயிற்றில் பிள்ளை அசைந்தது. உடம்பு இத்தனை லேசாக இருந்து மாதக்கணக்காயிற்று.

"நல்லாத்தான இருக்கேன் சிஸ்டர். நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரியா? நாளைக்குப் போறேன்."

4

நாளைக்கு அவள்—

எழுதமாட்டேன். காக்கிற பொருளே கொல்கிற பொருளும் என்பதில் எனக்கு வந்த மலைப்பு அவளுக்கு எதற்கு? வாசலில் பஸ் நிற்கிறது. லூர்துநாதன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவளையே பார்க்கிறான். கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டார்.

சிஸ்டர் சொல்லிப் பார்த்துவிட்டார். என் பேச்சு அவள் காதில் விழாது. நீங்கள் சொல்லுங்கள். என்ன சொன்னால், நன்றாக இருக்கும் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்?