திருப்பி அனுப்பு

எங்கள் மருந்துக் கிடங்குக்குப் புது மென்பொருள் வருமுன், எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று கேட்டே ஒரு நாளைக்கு ஐம்பது பேர் என் காதைத் துளைப்பார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பெட்டி, வண்டி, நேரம் எல்லாம் என் திரைக்கு வந்துவிடும். செய்தவன் இங்கேயே வேலை பார்க்கும் என் கொழுந்தன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொத்தான்களுக்குப் பெயர் சொன்னதும் நான்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டான்.

"அண்ணி, வேண்டாத சரக்கு நமக்கே வரணும். அதுக்கு என்ன போடலாம்?"

"திருப்பி அனுப்புன்னு போடு. இதுக்குப் போய் மண்டையைக் குழப்பிக்கிறியே!"

ஒரு நாள் காலை ஒன்பதுக்கு, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரி அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தது. ரத்தம் உறைய வைக்கும் ஊசி மருந்து, ஒரு பெட்டி. வரட்டும் என்று இருந்தேன். பன்னிரண்டாகியும் காணோம். எனக்கேது பொறுமை? அங்கே மருந்து கொடுக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, பெட்டி இன்னும் வரலையே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! காலையிலேருந்து வாசலையே பாத்துட்டிருக்கேன்."

"நீங்கதானே திருப்பி அனுப்பறீங்க?"

"நானா? நேத்து வந்ததுல ஐஸ் உருகி மருந்து கெட்டுப்போச்சு. அதான் திருப்பி அனுப்பச் சொல்லி அழுத்தினேன். நாலு மணிக்கு ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன். லேசா கீறினாலே ரத்தம் நிக்காது அவளுக்கு. தள்ளிப்போட்டாலும் உயிருக்கு ஆபத்துங்கறார் டாக்டர்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'எங்களுக்கே' என்று நான் நினைத்த வார்த்தையை அவர் 'இன்னொரு தடவை' என்று படித்திருக்கிறார். இரண்டும் நல்ல தமிழ்தான். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் எதிரெதிரே காத்துக் கிடந்திருக்கிறோம்.

ஐஸ் அடுக்கி நானே பெட்டியைக் கட்டினேன். எங்கள் ஓட்டுநருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். அவர் வண்டியை விரட்டுகிற வேகத்தைப் பார்த்துக் கிண்டலுக்கு வைத்தது.

"அண்ணே, மூணு மணி நேரப் பாதை. நாலுக்குள்ள போகணும்."

"போயிடலாம்மா. நீ வழியை விடு."

வண்டி கிளம்பியதும் மேலாளர் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டார். "பொத்தானுக்கு ஒரு பேர் வைக்கத் தெரியலை, நீயெல்லாம்!" அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தப்புதான் சார்" என்றான்.

ஊரையே அதட்டுகிற வாய் எனக்கு. அது ஒட்டிக்கொண்டுவிட்டது. திரையில் வண்டியின் புள்ளி மலையேறுகிறது. இவன் தலைகுனிந்து நிற்கிறான். என்மேல் எனக்கே அருவருப்பாக வந்தது.

"சார், அவனை விடுங்க. அந்த வார்த்தை நான் சொன்னது."

மேலாளர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களோடு அந்தப் புள்ளியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாற்பதுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு போனே இல்லை. கொழுந்தன் பழைய பொத்தானை எடுத்துவிட்டு 'பழசை எடுத்துக்கோ', 'புதுசு குடு' என்று இரண்டு பொத்தான் வைத்தான். ஒவ்வொன்றையும் என்னை நாலு தடவை படிக்கச் சொன்னான்.

ஆறரைக்குப் போன் அடித்தது. அந்த அம்மாதான்.

"பொண்ணு கண்ணு முழிச்சிட்டா."

எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் போனைக் கொழுந்தன் காதுப்பக்கம் நீட்டிக்கொண்டு கேட்டேன்.

"திருப்பிச் சொல்லுங்கம்மா."