பெட்டியோடு வந்த கையுறை

ஸ்டான்லி ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சி, ஒன்றரை வயது ஜெசிக்குப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தான். பல் துலக்கினான். பிறகு கூடத்துக்கு வந்து, பெட்டியில் கிடந்த மனைவியின் தலைமாட்டில் மெழுகுவத்தியை மாற்றினான்.

லீமாவுக்கு மஞ்சள் காமாலை. ஒன்பதே நாள். இருபத்தாறு வயது.

பெட்டியோடு வந்த வெள்ளைக் கையுறையை அவன் அம்மா அருள்ஜோதி லீமாவுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். லீமாவின் இடது கையில் பிறவியிலேயே இரண்டு விரல்தான், கட்டைவிரலும் சுண்டுவிரலும். உறையில் மூன்று விரல்கள் காலியாகத் தொங்கின. அம்மா அவற்றில் பஞ்சை வைத்துத் தீக்குச்சியால் குத்திக் குத்தி இறக்கினாள்.

"எதுக்கும்மா இது?"

"சொந்தக்காரங்கள்லாம் வராங்க. போட்டோ எடுப்பாங்க. கையி கையாட்டம் இருக்க வாணாமா?"

"கல்யாண போட்டோவுலயும் முந்தானைய போட்டு மூட வச்ச."

"ஆமா. நல்லாத்தான இருந்துச்சு?"

செராமிக் கம்பெனியில் லீமாவோடு பொம்மைகளுக்கு வர்ணம் பூசிய அம்சவல்லி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ரெண்டு வெரல்ல பொம்மைய புடிச்சிக்கினு ஒரு நாளைக்கு நானூறு பொம்மைக்குக் கண்ணு எழுதுவா. அஞ்சு வெரலு இருக்குற நாங்கதான் மேஸ்திரிகிட்ட திட்டு வாங்குவோம். பஞ்சு எதுக்குங்க அத்த?"

"நீ சும்மா இரு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "புள்ளைக்கும் அதே கையி. நாளைக்குக் கட்டிக் குடுக்கணும். வர்றவங்க ஆத்தா கையப் பாத்துட்டு நேரா புள்ள கையத்தான் பாப்பாங்க. எனக்கு மட்டும் ஆசையா?"

அம்மாவிடம் பேசி ஸ்டான்லி ஒருநாளும் ஜெயித்ததில்லை. பி.காம். படித்த வாய்தான் அவனுக்கு.

ஜெசியைத் தூக்கி லீமாவைக் காட்டினான். அவள் குனிந்து பஞ்சு விரலைப் பிடித்து இழுத்தாள். அது மடிந்தது. விட்டுவிட்டு, சுற்றியிருந்த பெண்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஸ்டான்லி பிள்ளையை அம்சவல்லியிடம் கொடுத்தான். உறையை உருவினான். பஞ்சு சிதறியது.

"டேய்!" என்றாள் அம்மா.

ஜெபமாலையை இரண்டு விரல்களில் சுற்றினான். நழுவியது. மறுபடி சுற்றினான். நழுவியது. கடைசியில் மணிக்கட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டான், அவசரத்தில் அறுந்த செருப்பு வாரைக் கட்டுவதுபோல.

"கடைசியா எதனா சொன்னாளாண்ணே?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"இல்ல."

சொன்னாள். நேற்று மத்தியானம், ஆஸ்பத்திரியில். அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றிருந்தாள். பிள்ளையின் கைமேல் துண்டு. வார்டு நிறைய ஆட்கள். லீமா அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் அம்மாவைப் பார்த்தான். துண்டை எடுக்கவில்லை.

"பாப்பா கைமேல கெடக்குற துண்ட எடுங்க. வேர்க்குது."